கரையில்லா ஏரியில் நீர் நில்லாது

மழை எல்லா நிலத்திற்கும் பொதுவாகவே பெய்கின்றது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணரும் நீர், உத்திரமேரூர்ப் பேரேரிக்கும் வந்து சேர்கின்றது. கரை உடைந்து தூர்ந்து கிடக்கும் சிறு தாங்கலுக்கும் வந்து சேர்கின்றது. ஏரியிற் சேர்ந்த நீர் மதகின் வழியே இறங்கி, மழை ஓய்ந்த திங்கள்களிலும் நெல்லுக்குப் பாய்கின்றது. தாங்கலுக்கு வந்த நீரோ சில நாள்களிலேயே ஓடி மறைகின்றது. பின்னர் அங்கே வேலிக்காத்தான் முளைக்கின்றது. வானம் இவ் விரண்டற்கும் வேறுபாடு செய்யவில்லை. கரைதான் வேறுபாடு செய்தது.

மாந்தனுக்கு இயற்கை அளிக்கும் திறனும் இத்தகையதே. அது பெய்யும் மழை. குறிக்கோள் அதனைத் தடுத்து நிறுத்தும் கரை. முயற்சி, ஆண்டுதோறும் தூரெடுத்துக் கரையை உயர்த்தும் உழைப்பு. மழை மட்டும் போதும் என்றிருப்பவன் வெள்ளத்தையும் காண்பான், வறட்சியையும் காண்பான், விளைச்சலைக் காணான்.

இவ் வெளிய உண்மை தமிழகத்துச் சிற்றூர்களில் மறக்கப்பட்டு வருகின்றது. உத்திரமேரூரைச் சூழ்ந்த ஊர்களிலும், ஏன், தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும், ஒரு பிள்ளை தேர்வில் இரண்டு முறை தவறினால் போதும், “அவனுக்குப் படிப்பு ஏறாது, தலையிற் களிமண்” என்று வீட்டாரே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். தீர்ப்பைக் கேட்ட பிள்ளையும் அதனை நம்பிவிடுகின்றான். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலியாய்ச் சேர்ந்து, அதுவே தன் தலையெழுத்து என அமைகின்றான். உழைத்துண்பது இழிவன்று. தன் திறன் இன்னதென்று அறியாமலே தன்னைக் குறைத்து மதித்து, அம் மதிப்பீட்டிற்குள்ளேயே வாழ்நாளை முடித்துக்கொள்வதுதான் இழிவு. ஒரு பிள்ளைக்கு இஃது இழப்பு. ஓர் இனத்திற்கோ அழிவு.

தகுதி என்பது யாது என்னும் வினாவை உத்திரமேரூர் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே கல்லில் எழுதி வைத்த ஊர். முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். அவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பொறுப்பின் காலம் 360 நாள்.

குடத்துள் ஓலை புகுதற்கு உரியவன் யாவன்? 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, அவன் 35 அகவைக்கு மேற்பட்டு 70 அகவைக்கு உட்பட்டவன். வரி செலுத்தும் கால்வேலி நிலத்திற்கு மேல் உடையவன். தன் மனையிலே வீடு கட்டி வாழ்பவன். வடமொழி மறை கற்றவன். அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட பிரமதேயம். ஆகவே, ஏரியின் கரையைச் சுமந்த தோளுக்கும், வயலைப் பிளந்த கொழுமுனைக்கு உரியவனுக்கும், பெண்டிர்க்கும் அக் குடத்துள் இடமில்லை. குடியாட்சியின் பழஞ்சான்று என்று அக் கல்லைப் போற்றுவோர் இவ் வேலியையும் மறவாது கூறுதல் வேண்டும்.

ஆயினும், அவ் வேலிக்குள்ளும் ஒரு வாயில் இருந்தது. கால்வேலி நிலம் இல்லாதவனாயினும், அரைக்கால் வேலி நிலமே உடையவன், மேலும் ஆழ்ந்து கற்று, கற்றதை எடுத்துரைக்கவும் வல்லவனாயின், அவன் பெயரும் குடத்துள் இடப்பட்டது. நிலத்திற் குறைந்த பாதியைக் கல்வி ஈடு செய்தது. பிறப்பாலும் உடைமையாலும் தகுதியை அளந்த அக் காலத்திலேயே, உழைத்துப் பெற்ற அறிவு உடைமைக்கு மாற்றாக நிற்கும் என்பதை அக் கல் ஒப்புக்கொண்டிருக்கின்றது.

இன்று அவ் வேலி சட்டத்தில் இல்லை. 21 அகவை நிரம்பிய எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், நிலமுடையராயினும் இலராயினும், ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். பள்ளிக் கதவும் யாவர்க்கும் திறந்திருக்கின்றது. ஆனால், கல்லில் இருந்த வேலி பெயர்ந்து நெஞ்சிற் போய் நடப்பட்டுவிட்டது. “நிலமில்லாதவன், காசில்லாதவன், ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட இயலாதவன், தமிழில் மட்டுமே படித்தவன், இவனால் என்ன ஆகும்?” என்பதே அப் புதிய வேலி. அதனைப் பிடுங்கி எறிதற்கு அறிவுரை போதாது. வாழ்ந்து காட்டியவர் ஒருவரின் வாழ்க்கை வேண்டும்.

அத்தகைய வாழ்க்கை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணருடையது. அவர் 1902-ஆம் ஆண்டு பெப்ருவரி 7-ஆம் நாள் சங்கரன்கோயிலிற் பிறந்தார். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்தார். உற்றார் துணையிலும் பிறர் உதவியிலும் படித்தார். நிலமில்லை, செல்வமில்லை, பரிந்துரைக்கும் பெரியோர் கூட்டமும் இல்லை. வடார்க்காட்டு ஆம்பூரிலே பள்ளியாசிரியராய் அமர்ந்தார். 1924-இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதத் தேர்வில் வென்றார். பின்னர்ச் சென்னை, மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி எனப் பல ஊர்ப் பள்ளிகளிற் பணியாற்றினார். பகலிலே வகுப்பு, கட்டுரை திருத்தம், தேர்வுத்தாள். இவற்றிடையே எஞ்சிய பொழுதில் மொழிநூல். 1940-இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வெளிவந்தபோது அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். உயர்நிலைப் பள்ளியின் தமிழாசிரியர்.

அவர்க்கு அமைந்த திறன் ஒன்றன்று. பாவியற்றும் ஆற்றல் இருந்தது, இசைத்தேர்ச்சி இருந்தது, வகுப்பறையில் மாணவரைக் கட்டிப்போடும் நாவன்மை இருந்தது. இவற்றுள் எதனைப் பற்றியிருந்தாலும் ஓரளவு பெயரும் பொருளும் கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் ஒருங்கே பற்றியிருந்தால் ஒன்றும் நிலைத்திராது. எல்லா மடைகளையும் ஒருசேரத் திறந்துவிட்டால் கடைமடைக்கு நீர் சேராது என்பதை உழவன் அறிவான். பாவாணர் ஒரு மடையை முதன்மையாகத் திறந்தார். தமிழ்ச்சொற்களின் பிறப்பை ஆய்ந்து, தமிழுக்கு ஒரு சொற்பிறப்பியல் அகரமுதலி அமைப்பதே அம் மடை. இசையும் பாவும் அதற்கு வாய்க்கால்களாயின. தம் பெயரினின்றே பணியைத் தொடங்கினார் எனலாம். தேவநேசன் என்பதைத் தேவநேயன் ஆக்கினார். கவிவாணன் என்பதைப் பாவாணன் ஆக்கினார். குறிக்கோள் என்பது ஒருவன் பிறர்க்குச் சொல்லும் சொல் அன்று. முதலில் தன்மேல் நடத்திக்கொள்ளும் ஆட்சி.

குறிக்கோள் வாய்த்தபின் வேண்டுவது முயற்சி. அதனை எவ்வாறு நடத்துவது என்பதற்குத் திருவள்ளுவர் பொருட்பாலில் அமைத்த வரிசையே போதும். 48-ஆம் அதிகாரமாக வலியறிதலை வைத்தவர், 60-ஆம் அதிகாரமாக ஊக்கமுடைமையையும், 61-ஆவதாக மடியின்மையையும், 62-ஆவதாக ஆள்வினையுடைமையையும், 63-ஆவதாக இடுக்கண் அழியாமையையும் அடுத்தடுத்து நிறுத்தினார். முதலில் தன் வலிமையை அளந்தறிக; பின் உள்ளம் உயர்க; சோம்பலை விலக்குக; கையை வினையில் இடுக; இடர் வரின் கலங்காது நிற்க. இவ் வரிசையில் ஒன்றை விட்டு ஒன்றைத் தாவ இயலாது. ஊக்கம் இருந்தும் சோம்பல் நீங்காதவன் நாளைக்கு என்கின்றான். வினையைத் தொடங்கியும் இடர் கண்டு கலங்குபவன் இன்றோடு சரி என்கின்றான்.

பாவாணர் வாழ்க்கை இவ் வரிசைக்கு உரையாக அமைந்தது. முதுகலைப் பட்டத்திற்கென அவர் எழுதிய மொழியாய்வைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அவர் ஆய்வை விடவில்லை. 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியிற் பணியாற்றினார். அக் காலத்தில், 1952-இல், தம் 50-ஆம் அகவையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். மாணவர்க்குக் கற்பிப்பவர் தாமே மாணவராய்த் தேர்வெழுத நாணவில்லை. 1954-இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூல் வெளிவந்தது. ஏட்டிலே சொல் தேடுவோர் தெருவிலே ஆடும் சிறுவரிடம் சொல் கேட்கமாட்டார்; அவர் கேட்டார். வளை, வளையம், வளையல் என ஒரு வேரிலிருந்து கிளைக்கும் சொற்களைத் தொகுத்து, ஒலியும் பொருளும் எவ்வாறு உடன்வளர்கின்றன என்று காண்பதே அவர் முறை. அதற்குப் புலவர் வழக்கும் வேண்டும். உழவர், தச்சர், குயவர், பெண்டிர், பிள்ளைகள் வழக்கும் வேண்டும்.

1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அப் பணி முடிந்தபின், 1974 வரை 13 ஆண்டுகள் அவர்க்கு நிலையான பணி ஏதும் இல்லை. மற்றொருவராயின் அப் பதின்மூன்று ஆண்டுகளையும் குறைகூறியே கழித்திருப்பார். பாவாணர்க்கோ அவை விளைச்சற் காலமாயின. 1966-இல் ‘பண்டைத் தமிழ நாகரிகமும் பண்பாடும்’. அதே ஆண்டில், தமிழின் தொன்மை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல். 1967-இல் ‘தமிழ் வரலாறு’, ‘வடமொழி வரலாறு’. 1969-இல் ‘திருக்குறள் தமிழ் மரபுரை’. 1972-இல் ‘தமிழர் மதம்’. 1973-இல் ‘வேர்ச்சொற் கட்டுரைகள்’. தமிழை மட்டும் படித்தவன் ஆங்கிலம் அறியான் என்போர் இப் பட்டியலை ஒருமுறை காண்க. தாய்மொழியிற் காலூன்றியவர்க்கு அயன்மொழி ஏவல் செய்யும். தாய்மொழியை இழந்தவர்க்கு அயன்மொழி தலைவனாகும்.

பாவாணர் கண்ட முடிபுகள் யாவற்றையும் மொழிநூலார் ஏற்றுக்கொண்டனர் என்று கூறுதல் உண்மையாகாது. குமரிநாடு பற்றியும், உலகமொழிகட்கெல்லாம் தமிழே தாய் என்பது பற்றியும் அவர் கூறியவற்றை மறுப்போர் பலர். ஆய்வுலகில் அஃது இயல்பு. வருங்கால ஆய்வாளர் அவற்றை அலசுவர். ஆனால், அவர் தொகுத்த சொல், அவர் காட்டிய உழைப்பு, ஒரு தமிழாசிரியன் தன் திறனை எந்த எல்லைவரை கொண்டுசெல்ல இயலும் என்பதற்கு அவர் நட்ட எல்லைக்கல், இவற்றை மறுப்பார் இலர்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. “முயன்றால் முடியும்” என்பது வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குக் கூறும் அறிவுரையாகவும் பயன்படுகின்றது. முயற்சி ஒருவனது கடமை. ஆயின், அம் முயற்சிக்கு வாய்ப்பளிப்பது குமுகாயத்தின் கடமை. ஏரிக்கரையைத் தனியொருவன் கட்டவில்லை. ஊர் கூடிக் கட்டியது. ஆகவேதான் உத்திரமேரூரில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்தது.

இவ் வுண்மையை விளக்க வெள்ளைக்காரர் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று போதும். ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியராய் விளங்கிய சேம்சு மரே, இசுக்காட்லாந்துச் சிற்றூர் ஒன்றில் 1837-ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் தந்தை தையற்காரர். பதினான்கு அகவையிற் பள்ளிப்படிப்பு நின்றது. தாமே முயன்று பல மொழிகளைக் கற்றுப் பள்ளியாசிரியரானார். அவர் பிறந்த நாளும் பெப்ருவரி 7. பாவாணர் பிறந்த அதே நாள். இருவரும் எளிய குடியினர், இருவரும் பள்ளியாசிரியர், இருவர் குறிக்கோளும் அகரமுதலி. ஆயின், 1879-இல் மரேயிடம் அப் பணி ஒப்படைக்கப்பட்டபோது அவர்க்கு அகவை 42. தமிழக அரசு 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கிப் பாவாணரை அதன் இயக்குநராக அமர்த்தியபோது அவர்க்கு அகவை 72.

மரேக்கு 36 ஆண்டுகள் கிடைத்தன. 1915-இல் அவர் மறைந்தபோது பெரும்பகுதி முடிந்திருந்தது. 1928-இல் நூல் நிறைவுற்றது. பாவாணர்க்குக் கிடைத்தவை ஏழு ஆண்டுகளும் நிரம்பவில்லை. 1981-ஆம் ஆண்டு சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியபின் நெஞ்சுநோய் கண்டு, சில நாள்களில் மறைந்தார். முதல் மடலத்தின் முதற்பகுதி 1985-இலேதான் அச்சாகி வந்தது. அவர் அதனைக் காணவில்லை. 12 மடலங்களும் 31 பகுதிகளாய் நிறைவுறுதற்கு 2011 ஆயிற்று. அம் முப்பது ஆண்டு இடைவெளி பாவாணரின் முயற்சிக் குறைவன்று; தமிழ்க் குமுகாயத்தின் கண்மூடல். முயல்பவன் கரையைக் கட்டி முடிக்கும்வரை வாளாவிருந்துவிட்டு, பின் மாலையுடன் வரும் வழக்கம் ஒழிதல் வேண்டும்.

இனி, உத்திரமேரூர்ப் பகுதியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இவ் வரலாற்றால் வரும் பயன் யாது? முதலாவது, தான் எதில் வல்லன் என்பதைத் தானே ஆய்ந்தறிதல். கணக்கோ, கைத்தொழிலோ, உழவோ, இசையோ, மொழியோ, எதுவாயினும் ஆகுக. தேர்வுத்தாள் அளக்காத திறன்கள் பல; ஏரிநீரைக் கண்ணாலே அளந்து எத்தனை நாளுக்குப் போதும் என்று கூறும் முதியவரைக் கணக்கறியாதவர் என்று எவன் கூறுவான்? இரண்டாவது, வல்லதில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குதல். ஒரு நாளைக்கு ஒரு மணி என்பது சிறிது. ஓராண்டிற்கு அது 365 மணி. மதகு, கலங்கல், தூம்பு, கடைமடை என ஊரிலே வழங்கும் சொற்களை நாளுக்கு ஐந்தாகக் குறித்து வரும் பிள்ளை, ஆண்டின் முடிவில் 1825 சொல்லுக்கு உடையவன். அதற்குக் கட்டணம் இல்லை. குறிப்பேடு ஒன்றும் கேட்கும் செவியும் போதும்.

மூன்றாவது, கணக்குக் காட்டுதல். வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மீண்டும் குடத்திலிடலாகாது என்று அப் பழைய கல் விதித்தது. அவ் விதியை ஒவ்வோர் இளைஞனும் தன்மேல் விதித்துக்கொள்க. 360 நாள் முடிந்தபின், “பெற்ற பொழுதை என் செய்தேன்?” என்று தன்னையே கேட்க. விடை கூற இயலாதவன் பிறர்மேற் பழி சுமத்துதற்கு உரிமையிலன்.

பெற்றோர்க்கும் கடமை உண்டு. பிள்ளையின் முன்னே அவனை மட்டி எனப் பழித்தலை நிறுத்துக. கடன்பட்டு ஆங்கிலப் பள்ளியிற் சேர்ப்பதனாலேயே அறிவு வந்துவிடாது என்பதை உணர்க. மாலையில் அரைமணி நேரம் அவன் படிப்பதைக் கேட்க அமர்க. ஆசிரியர்க்கும் கடமை உண்டு. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் ஒரு வல்லமை உண்டென்று நம்பி அதனைத் தேடுக. பள்ளி நூலகப் பேழையின் பூட்டைத் திறந்துவிடுக. ஊரார்க்கும் கடமை உண்டு. திருவிழாவிற்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை, முயலும் பிள்ளைகட்கு நூல் வாங்க ஒதுக்குக. ஏரிக்கு வாரியம் கண்ட ஊர், தன் பிள்ளைகளின் அறிவுக்கும் ஒரு வாரியம் காணலாகாதா?

வரும் ஐப்பசியிலும் மழை பெய்யும். உத்திரமேரூர் ஏரியும் நிரம்பும். கலங்கலில் நீர் வழியும். அதனைக் காணச் செல்லும் தமிழ் இளைஞன், நீரை மட்டும் கண்டு மகிழ்ந்து திரும்பாதிருப்பானாக. அந் நீரைத் தாங்கி நிற்கும் கரையையும் காண்க. ஆயிரம் ஆண்டுகட்கு முன் கூடை கூடையாய் மண் சுமந்து அதனை எழுப்பியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர் உழைப்பில்தான் இன்றும் நெல் விளைகின்றது. அக் கரையை நெஞ்சிற் கொண்டு வீடு திரும்புக. அன்றே முதற் கூடை மண்ணை இடுக.